முழங்கால் வலியோட மாரத்தான் ஓடலாமான்னு கேட்டவருக்கு

வணக்கம் நண்பா, ஒரு வருஷம் பயிற்சி பண்ணிட்டு ஓட்டத்துக்கு மூணு வாரம் இருக்கும்போது முழங்கால் வீங்கிருச்சு, இப்ப விட்டா எல்லாம் வீணாப் போயிடுமேன்னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. எனக்கு உடனே ஞாபகம் வந்தது எட் வீஸ்டர்ஸ் தான். 8,000 மீட்டருக்கு மேல இருக்கிற 14 சிகரத்தையும் ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாம ஏறின அமெரிக்கர், அவரோட நினைவுக்குறிப்பை ரெண்டு தடவை படிச்சிருக்கேன். 1987ல எவரெஸ்ட் உச்சிக்கு வெறும் 300 அடி பாக்கி, ஏறிடலாம், ஆனா பத்திரமா இறங்க முடியாதுன்னு தோணுது, திரும்பிட்டார். யோசிச்சுப் பாருங்க, அந்த 300 அடி! அப்புறம் 1990ல ஏறிட்டார். அன்னபூர்ணா இன்னும் படுத்திச்சு, 2000லயும் 2002லயும் பாதியில திரும்பி, 2005ல தான் முடிஞ்சுது, அதான் அவரோட 14வது சிகரம்.

மதியம் 2 மணி ஆச்சுன்னா எங்க நின்னாலும் திரும்பிடணும்னு கீழ இருக்கும்போதே முடிவு பண்ணிடுவார், ஏன்னா மேல போனப்புறம் ஆசையும் களைப்பும் சேர்ந்து மூளையை யோசிக்க விடாது. நீங்களும் இப்பவே ஒரு தேதி குறிச்சு வைங்க, அன்னைக்கு மாடிப்படி இறங்கும்போது வலிச்சா பேரை வாபஸ் வாங்கிடுங்க. மாத்திரை போட்டு வலியை அமுக்கிட்டு மட்டும் ஓடாதீங்க ப்ளீஸ். முதல்ல எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க, அவர் என்ன சொன்னார்னு இங்கேயே எழுதுங்க, பாத்துட்டே இருப்பேன்.