கஜுலு லட்சுமிநரசு: கடிதம்

அன்புள்ள ஐயா,

கஜுலு லட்சுமிநரசு செட்டி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 1852இல் சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கியவர் ஒரு வியாபாரி. அரசியல் அவருக்கு ஒரு முதலீடுதானே? வெள்ளைக்காரனிடமே மனுப் போடுவது என்ன போராட்டம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மனு விஷயத்தை விடுங்கள். ஓட்டே இல்லாத காலம் அது. முதலீடு என்றீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். நானும் சில நாட்களாக அவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1844இல் அவர் 'கிரசென்ட்' பத்திரிகையைத் தொடங்கியபோது, அரசு கெஜட் அதன் விளம்பரத்தைப் போடவே மறுத்தது. ஆள்பவரைப் பகைத்துக்கொண்டு எந்த வியாபாரி லாபம் பார்த்தான்?

அப்புறம் நிலவரி. வரி கட்ட முடியாத குடியானவனின் விரல்களைக் கிட்டிக்கட்டையில் வைத்து நெரித்தார்கள். குனியவைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்தினார்கள். ஜப்திக்கு ஆள் வருகிறது என்றால் பித்தளை அண்டாவைக் கிணற்றில் இறக்கிவிடுவோம் என்று என் அப்பாயி சொல்வார். அது எவ்வளவோ தணிந்த காலம். அதைச் சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிடும். அண்டாவுக்கே அப்படி என்றால், விரலைக் கொடுத்தவன் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பான்?

பட்டணத்துச் செட்டியாருக்கு இதில் என்ன வந்தது? 1853இல் டேன்பி சீமோர் என்ற பிரிட்டிஷ் எம்.பி. இங்கே வந்தபோது, அவரை ஊர்ப்புறங்களுக்குக் கூட்டிப்போய் நேரில் காட்டினார். மறு வருடம் லண்டன் பார்லிமென்டில் பேச்சு எழுந்தது. விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1855இல் வந்த அறிக்கை சித்திரவதை நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் பழியைச் சுதேசிச் சிப்பந்திகள் தலையில் போட்டுவிட்டு வெள்ளை அதிகாரிகளை விடுவித்தது. என்னால் இதைத் தாண்டிப் போக முடியவில்லை. வரித்தொகையை நிர்ணயித்தது யார்? வசூல் குறைந்தால் கேள்வி கேட்டது யார்? கிட்டியைப் பிடித்த கை தாசில் சேவகனுடையது. சரி. அந்தக் கைக்கு அவசரம் எங்கிருந்து வந்தது? தாலுகா கச்சேரிக்கு மேலே எல்லோரும் கண் தெரியாதவர்களா? அறிக்கை இதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. அவருடைய சங்கம் போட்ட மனுவையும் சீமோரோடு போன பயணத்தையும் கழித்துவிட்டால் அந்த அறிக்கைகூட நமக்குக் கிடைத்திருக்காது.

நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், தம்பி. உங்கள் ஆர்வம் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் அதில் ஒரு குடியானவன்கூட இல்லை. அறிக்கையோடு சேர்ந்த வாக்குமூலங்களை முதலில் படியுங்கள்.

லாபம் கேட்டீர்கள். 1863இல் சட்டசபையில் ஓர் இடம் கிடைத்தது. சம்பாதித்ததெல்லாம் பொதுக்காரியத்தில் கரைந்து, 1868இல் வறுமையில் இறந்தார்.