ஓடையைப் படமெடுக்கப் போய் எரிச்சலோடு திரும்புகிறேன்!

கேள்வி: எனக்கு வயது 46, கணக்கு வேலை. தூக்கம் சரியில்லை என்று மருத்துவரிடம் போனேன். மனசு லேசாகிற மாதிரி ஒரு பொழுதுபோக்கைத் தேடிக்கொள்ளச் சொன்னார். ஓடைத் தண்ணீர் பட்டுத்துணி போல வழிகிற படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு கேமராவும் ட்ரைபாடும் வாங்கினேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டேன். காலை 11 மணி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணரும் திறன்) 100, எஃப் (லென்ஸ் துளை அளவு) 22, ஷட்டர் (ஒளிக்குத் திறந்திருக்கும் நேரம்) 2 நொடி. படம் முழுக்க வெள்ளைத் தாள்! 1000 மடங்கு ஒளியைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர் வாங்கினால் சரியாகும் என்கிறார் நண்பர். "நிம்மதியைத் தேடிப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறீர்களே" என்கிறாள் மனைவி. ஃபில்டர் வாங்கட்டுமா, இல்லை இதை விட்டுவிடட்டுமா? பத்து வயது மகளும் கூட வருகிறேன் என்கிறாள். கூட்டிப் போகலாமா?

பதில்: விட வேண்டாம். ஃபில்டரும் இப்போதைக்கு வேண்டாம். கேமராவில் கோளாறு எதுவும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. நீங்கள் போகிற நேரம்தான் தப்பு.

கணக்கர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். பளிச்சென்ற வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16 என்று வைத்தால் ஏறத்தாழ 1/125 நொடியே போதும். எஃப் எண் ஏறினால் துளை சிறுக்கும்; எஃப் 22 என்றால் 1/60. நீங்கள் திறந்து வைத்ததோ 2 நொடி. தேவையைவிடச் சுமார் 120 மடங்கு வெளிச்சத்தை உள்ளே கொட்டியிருக்கிறீர்கள். வெள்ளைத் தாள் வராமல் என்ன செய்யும்?

அதே ஓடைக்கு விடிந்து சற்று நேரத்தில் போங்கள். அல்லது மேகம் மூடிய நாளில், மரம் அடர்ந்த பக்கமாகப் போங்கள். அங்கே ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11 வைத்தால், எந்த ஃபில்டரும் இல்லாமலே ஷட்டர் 1/4 நொடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எஃப் 22-ஐ மறந்துவிடுங்கள். துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து சிதறும், பாறையின் கூர்மை போய்விடும். வெயில் நாளில் இன்னொரு தொல்லையும் உண்டு. இலை இடுக்கில் விழும் வெயில் பாறையெங்கும் புள்ளி புள்ளியாகக் கண்ணைப் பறிக்கும். தண்ணீர் எங்கே ஓடுகிறது என்றே படத்தில் தெரியாது. மப்பு மந்தாரமான நாளை "வெளியே போக லாயக்கில்லாத நாள்" என்பார்கள். நமக்கு அதுதான் நல்ல நாள்.

அடுத்து, அந்த 2 நொடி. அதை எங்கோ படித்துவிட்டு வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஷட்டர் எண்ணை அந்தந்த இடத்துத் தண்ணீரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் நடக்கிற வேகத்தில் ஓடும் தண்ணீர் நொடிக்கு ஒரு மீட்டரும் கொஞ்சமும் நகரும். 1/4 நொடியில் முப்பது சென்டிமீட்டர் போகும். படத்தில் ஒவ்வொரு நுரைப்பொட்டும் முப்பது சென்டிமீட்டர் நூலாக இழுபடும் என்று அர்த்தம். அரை நொடி வைத்தால் நூல் இரண்டு மடங்கு. 2 நொடி என்றால் நூல்கள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து, இழை தெரியாத பால் ஆகிவிடும். இது என் சொந்த ருசி: எனக்குப் பால் பிடிக்காது, இழை பிடிக்கும். பாறையைச் சுற்றித் தண்ணீர் எப்படித் திரும்பியது என்று இழைதான் சொல்லும். சரிவில் துள்ளி இறங்கும் தண்ணீருக்கு 1/8 போதும்; சோம்பலாக ஊர்கிற தண்ணீருக்கு ஒரு நொடிகூட வேண்டியிருக்கும். பாறைக்குப் பின்னால் சுழி இருந்து, அதில் நுரையோ ஓர் இலையோ சுற்றினால் மட்டும் 10, 15 நொடி வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வட்டம் படத்தில் தெரியும். உங்கள் நண்பர் சொல்லும் ஃபில்டருக்கு அங்கே வேலை இருக்கிறது. அதுவும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-இல் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் பெரிய கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார். அவர் அருவிகளும் பட்டாகத்தான் வழிகின்றன. அன்றைய தகடுகளுக்கு வெளிச்சம் ஏற அவ்வளவு நேரம் பிடித்தது, வேறு வழியில்லை. அவருக்கு விதித்ததை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்!

எதையாவது வாங்கியே ஆக வேண்டும் என்று கை அரித்தால், லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் என்ற கண்ணாடி ஒன்று வாங்குங்கள். ஈரப்பாறையிலும் நனைந்த இலையிலும் வெள்ளையாக மினுங்கும் பூச்சை அது எடுத்துவிடும். பாசியின் பச்சை வெளியே வரும். தண்ணீரை நேர் மேலே இருந்து பார்த்தால் பலன் இருக்காது. பரப்பிலிருந்து 37 டிகிரி அளவு சாய்வில் பார்க்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். அதை மாட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆக 1/4 நொடி முக்கால் நொடி, ஒரு நொடியாகிவிடும். ஒரே கண்ணாடியில் இரண்டு வேலை.

மற்றவை சில்லறை விஷயங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் நடுக்கம் தடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். விரல் அசைவு படாமல் 2 நொடி டைமர் வைத்து எடுங்கள். நுரை வெளுத்துப் போகாமல் வெளிச்ச அளவை ஒரு படி (அதாவது பாதியாக) குறைத்து எடுங்கள். கேமரா மறந்துபோன நாளில் போனும் உதவும். ஐபோனில் லைவ் போட்டோவாக (சில நொடி அசைவோடு பதிவாகும் படம்) எடுத்ததை நீண்ட எக்ஸ்போஷராக, அதாவது ஷட்டரை நேரம் கூட்டித் திறந்து எடுத்தது போல, மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். கேட்டால் கோபப்படாதீர்கள்: ஓடைக்குப் போயும் நீங்கள் ஆபீஸ் வேலைதான் செய்திருக்கிறீர்கள். எண்ணைப் போடு, திரையைப் பார், தப்பு, திருத்து, மறுபடி பார். மருத்துவர் எதை மறக்கப் பொழுதுபோக்கு தேடச் சொன்னாரோ அதையே ஓடைக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனால் தூக்கம் எங்கிருந்து வரும்?

போனதும் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு இருபது நிமிடம் உட்காருங்கள். சும்மா உட்காரச் சொன்னால் உங்களைப் போன்றவர்களுக்குக் கை கால் ஓடாது, அதனால் ஒரு வேலை தருகிறேன். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். ஓடையின் சலசலப்பு பெரும்பாலும் தண்ணீருக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகள் அதிர்வதால் வருவது. மார்செல் மின்னார்ட் என்ற டச்சு வானியலாளர் 1933-இல் இதற்குக் கணக்கே போட்டார். மூன்று மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை அதிரும். குமிழி சிறுத்தால் சுருதி ஏறும், பெருத்தால் இறங்கும். கீச்சென்று கேட்பது எங்கே, குடத்தில் மொள்வது போலக் குளுகுளுவென்று கேட்பது எங்கே என்று காதாலேயே தேடுங்கள். அப்புறம் கண்ணைத் திறந்து அந்த இடங்களைப் பாருங்கள். குமிழி இருக்கிற இடத்தில்தான் தண்ணீர் வெள்ளையாக இருக்கும், வெள்ளை இருக்கிற இடத்தில்தான் இழை விழும். எனக்குப் பிடித்த படங்களில் பாதி, காது முதலில் கண்டுபிடித்த இடங்கள்.

அதன் பிறகு பத்தே படம். பதினொன்றாவது கிடையாது. கரையில் உட்கார்ந்து எதையும் அழிக்கவும் வேண்டாம். வீட்டுக்கு வந்து, மறுநாள் பார்த்தால் போதும். பத்தும் வீணாய்ப் போனால் போகட்டும், இருபது நிமிடம் கணக்கில் வந்துவிட்டதே. இரண்டு மாதம் ஒரே ஓடைக்குப் போங்கள். மழைக்கு அப்புறம் ஒரு தரம், வற்றும்போது ஒரு தரம். தண்ணீர் ஏறி இறங்க, போன வாரம் இல்லாத பாறை இந்த வாரம் தலைகாட்டும்.

மகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள், சில கண்டிப்புகளோடு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சும்மாவா சொன்னார்கள்? நானே இடுப்பளவு தண்ணீரில் கேமராவோடு விழுந்து எழுந்தவன். பாசி படிந்த பாறையில் நிற்காதீர்கள், ட்ரைபாடை ஓட்டத்துக்குள் வைக்காதீர்கள். தண்ணீர் அதன் காலில் மோதுகிற அதிர்விலேயே படம் கலங்கிவிடும். தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, குச்சியும் சருகும் கூட்டமாக வந்தாலோ, மேலே எங்கோ மழை கொட்டியிருக்கிறது. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் சரி, பையை எடுக்கக்கூட நிற்காமல் மகளோடு மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

மற்றபடி அவளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். கரையில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு கல் வைத்து, முதல் கல்லுக்குச் சற்று முன்னால் தண்ணீரில் ஒரு சருகைப் போடச் சொல்லுங்கள். முதல் கல்லிலிருந்து இரண்டாவது கல்லுக்கு அது வர எத்தனை நொடி என்று அவள் எண்ணட்டும். அந்த எண்ணில் கால் பங்கை ஷட்டரில் வையுங்கள், கால் மீட்டர் நூல் கிடைக்கும். இரண்டு நொடி என்று அவள் சொன்னால் அரை நொடி. அவள் தப்பாக எண்ணியிருந்தாலும் அதையே வைத்து எடுங்கள்.