11 கேவி பஸ்ஸில் 52 கிலோ ஆம்பியர் ஏன் வருகிறது?

உங்கள் டிரான்ஸ்பார்மர் 16 எம்விஏ, 110/11 கேவி, 10 சதவீத இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கான தடை). முடிவிலி சோர்ஸ் (தனக்கென இம்பீடன்ஸ் இல்லாத மின்மூலம்) வைத்து 11 கேவி பஸ்ஸில் (லைன்கள் சேரும் இணைப்புப் புள்ளியில்) மும்முனை பால்ட், அதாவது ஷார்ட் சர்க்யூட் கரண்ட், 52 கிலோ ஆம்பியர் வருகிறது என்கிறீர்கள். பெர் யூனிட் கணக்கில் (ஒரு அடிப்படை அளவின் பின்னமாகச் சொல்லும் முறை) இம்பீடன்ஸை 0.10 என்று அப்படியே கொடுத்திருக்கிறீர்கள், அதுதான் கோளாறு. நேம்பிளேட்டின் 10 சதவீதம் 16 எம்விஏ பேஸில் (base, அந்த அடிப்படை அளவில்) சொன்னது. உங்கள் சிஸ்டம் பேஸோ 100 எம்விஏ. 0.10 × 100/16 = 0.625 என்று கொடுங்கள். 11 கேவியில் பேஸ் கரண்ட் 5249 ஆம்பியர், அதை 0.625-ஆல் வகுத்தால் 8.4 கிலோ ஆம்பியர். நிஜ சோர்ஸ் இம்பீடன்ஸைச் சேர்த்தால் இன்னும் குறையும்.

நேம்பிளேட்டில் செகண்டரி 11.5 கேவி என்று இருக்கிறதா, பாருங்கள். இருந்தால், இம்பீடன்ஸை 11 கேவி பக்கம் வைக்கும்போது (11.5/11)²-ஆலும் பெருக்கி, டேப்பை (மாடலில் கொடுக்கும் வோல்டேஜ் விகிதத்தை) 1.045 ஆக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

சிமுலிங்க் (சிமுலேஷன் மென்பொருள்) டிரான்ஸ்பார்மர் பிளாக்கில் மட்டும் 100 எம்விஏ-வுக்கான இந்த மாற்றம் வேண்டாம். அங்கே பேஸ் என்பது டிரான்ஸ்பார்மரின் சொந்த ரேட்டிங்தான், 0.10-ஐ ஒரு வைண்டிங்குக்கு (சுருளுக்கு) 0.05 வீதம் பிரித்துப் போடுங்கள்.