நேர்முகத் தேர்வில் குரலும் உடல்மொழியும் நன்றாக அமைய என்ன செய்யலாம்?

தம்பி, மார்த்தாண்டம் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்முகத் தேர்வில் உட்கார்ந்ததும் குரல் உள்ளே போய்விடுகிறது, கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, போதாக்குறைக்கு நம் ஊர்ப் பேச்சைக் கேட்டு 'மலையாளியா?' என்கிறார்கள். இவைதானே உங்கள் கவலை? நாகர்கோவிலில் கல்லூரி முடித்த பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி கொடுக்கிறேன். இதே மூன்றையும் பலரும் வந்து சொல்கிறார்கள்.

கடைசிக் கவலையை முதலில் தள்ளிவிடுவோம். 1956 நவம்பர் 1 வரை, மலையாளம் பேசுகிறவர்கள் அதிகமாக இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த மண் இது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பேச்சில் அந்த இழுப்பு இருக்கத்தான் செய்யும். அதை மாற்றவே வேண்டாம். வெளியூர்க்காரருக்கு நாம் பேசுவது புரியாமல் போவது பெரும்பாலும் நம் வேகத்தால்தான்.

நான் முதலில் கவனிப்பது வாக்கியத்தின் கடைசிச் சொல்லை. தமிழில் வினை கடைசியில் வருகிறது. யார் செய்தார், எப்போது செய்தார், செய்தாரா இல்லையா எல்லாம் அதன் வாலில்தான் இருக்கும். மூச்சு தீர்ந்து குரல் இறங்குவதும் சரியாக அதே இடத்தில். குளச்சல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், "ராத்திரி வேலைன்னாலும் என்னால வர முடியும்" என்றாள். எதிரே இருந்த எனக்கு 'வர முடி' வரைக்கும்தான் கேட்டது. முடியுமா, முடியாதா? அவளிடம் வேறு எதையும் திருத்தவில்லை. கடைசிச் சொல்லை முழுசாகச் சொல், வாயை மூடு, மூக்கால் ஒரு மூச்சு எடு, அப்புறம் அடுத்த வாக்கியம் என்றேன். கொஞ்ச நேரத்தில் வேகம் தானாகக் குறைந்தது. தூக்கியிருந்த தோள் இறங்கியது. துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்த விரல்களும் நின்றன. மூச்சு சரியானால் கையும் பாதி சரியாகிவிடும்.

கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். அடுத்த முறை கதையை விட்டுவிட்டு, பாடுகிறவர் எங்கே நிறுத்துகிறார் என்று மட்டும் பாருங்கள். ஒரு வரி சொல்வார், நிறுத்துவார், பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார், அதற்குள் அவர் மூச்சு எடுத்திருப்பார். நமக்கும் அந்த வரி மனதில் இறங்கியிருக்கும். உட்கார்ந்த இடத்தை விட்டு அவர் எழுவதே இல்லை. முகமும், வில்லின் நாணைத் தட்டும் வீசுகோல் பிடித்த கைகளும்தான். அதை வைத்தே விடிய விடிய ஊரைக் கட்டிப்போடுகிறார். உடல்மொழி என்றால் அங்குமிங்கும் நடந்து கையை வீசுவது என்று நினைக்கிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். நீங்கள் பேசும்போதும் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகு எதிரே இருப்பவர் மனதுக்குள் ஓர் 'ஆமா' போட இடம் விடுங்கள்.

மூச்சுக்கு ஒரு பயிற்சி: மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வையுங்கள். மூச்சை இழுக்கும்போது நெஞ்சை விட அந்த நோட்டுதான் நன்றாக எழும்ப வேண்டும். அது பழகியதும் உட்கார்ந்து செய்யுங்கள். பேசும் முன் தொண்டையைச் செருமாதீர்கள். குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி எரிச்சல்தான் கூடும். ஒரு வாய் தண்ணீர் போதும்.

நாற்காலியில் முழுசாக உட்காருங்கள், இரண்டு பாதமும் தரையில், கைகள் தொடை மேல். பேச்சோடு கை எழுந்தால் எழட்டும், அடக்க வேண்டாம். பெரியவர்கள் முன்னால் தலையைக் குனிவது நமக்கு மரியாதை. ஆனால் அந்த அறையில் அது தெரியாத்தனமாகப் படும். கேள்வி கேட்டவரைப் பார்த்துத் தொடங்குங்கள், ஒரு வாக்கியம் முடியும்வரை ஒரே முகத்தைப் பாருங்கள், அப்புறம் அடுத்தவர்.

'பேச்சில் 55 சதவீதம் உடல்மொழி, 38 சதவீதம் குரல், 7 சதவீதம்தான் சொல்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது. சொல், குரல், முகம் ஆகியவை ஒன்றுக்கொன்று முரண்படும்போது, பேசுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து எடைபோடுகிறோம் என்றுதான் அவர் பார்த்தார். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். பதில் தெரியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து பயனில்லை.

பயத்தைப் பற்றி ஒன்று. நெஞ்சு படபடப்பது எல்லாருக்கும் தெரிகிறது என்று நமக்குத் தோன்றும். உண்மையில் அந்த அளவுக்குத் தெரிவதில்லை. 2003இல் சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் நடத்திய ஆய்வில், இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பேச விட்டவர்கள் மற்றவர்களை விட நன்றாகப் பேசினார்கள். அதனால் உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

இன்றைக்கே சுய அறிமுகத்தை போனில் பதிவு செய்யுங்கள். குரல் அந்நியமாகக் கேட்கும். நம் குரல் நமக்கு எலும்பு வழியாகவும் கேட்பதால் வரும் வித்தியாசம் அது, பதற வேண்டாம். கேட்கும்போது கடைசிச் சொற்களை மட்டும் கவனியுங்கள். வீட்டில் காது கொஞ்சம் மந்தமான தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களிடமும் பேசிப் பாருங்கள். நீங்கள் கத்தாமலே, அவர்கள் "என்ன மக்கா?" என்று திருப்பிக் கேட்காவிட்டால், நேர்முகத் தேர்வு அறைக்கு அந்தக் குரல் தாராளமாகப் போதும்.