டண்டீக்கு மகளை அனுப்பலாமா?

வணக்கம் அம்மா. மகளுக்கு டண்டீயில் எம்.எஸ்சி. இடம் கிடைத்தும், “லண்டன் மாதிரி இல்லையே, சின்ன ஊராச்சே” என்று தயங்குகிறீர்கள். ஊர் சிறியது என்பதற்காக மறுக்காதீர்கள். ஆனால் பகுதிநேர வேலையை நம்பி மட்டும் அனுப்பாதீர்கள்.

டண்டீ ஸ்காட்லாந்தின் கிழக்கே, டே ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. மக்கள்தொகை ஏறக்குறைய ஒன்றரை லட்சம். பெர்த் ரோடு பக்கம் தங்கினால் டண்டீ பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போகலாம். 22 வயது ஆகாதவர்கள் விண்ணப்பித்து அட்டை வாங்கினால் ஸ்காட்லாந்து முழுக்கப் பேருந்து இலவசம். மருத்துவர் எழுதித்தரும் மருந்துக்கும் காசு இல்லை.

வீட்டு விஷயத்தில் கவனம். வாடகை, அதிகபட்சம் இரண்டு மாத வாடகை அளவு முன்பணம், இவை தவிர ஏஜென்ட் வேறு கட்டணம் கேட்பது அங்கே சட்டவிரோதம். நேரில் பார்க்காத வீட்டுக்கு இங்கிருந்தே பணம் அனுப்பிவிடாதீர்கள்.

பெற்றோர் யாரும் கேட்காத கேள்வி குளிர்கால இருட்டு. டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்குத்தான் விடியும். மாலை மூன்றரைக்குச் சூரியன் போய்விடும். பிள்ளைகளை வாட்டுவது குளிரைவிட இதுதான். அக்டோபர் முதல் மார்ச் வரை வைட்டமின் டி மாத்திரை எடுக்கச் சொல்லி அங்குள்ள அரசே அறிவுறுத்துகிறது. மதியம் கொஞ்ச நேரமாவது வெளியே நடக்கச் சொல்லுங்கள். ஆற்றுக் காற்றில் குடை நிற்காது. தலைமூடி வைத்த கோட்டு வேண்டும், அதை அங்கேயே வாங்கட்டும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதையும் சொல்லி வையுங்கள். ஊர்க்காரர்கள் பேசுவது முதலில் புரியாது. திரும்பக் கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள்.

சரி, வேலை. பாடம் நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் விசா அனுமதி. அபர்டே பல்கலைக்கழகமும் அங்கேயே இருப்பதால், இருக்கிற சில கடைகளுக்கும் உணவகங்களுக்கும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் போட்டி போடுவார்கள். வேலை கிடைக்கத் தாமதமாகலாம். ஆறு மாதச் செலவுக்காவது பணம் கையில் இருக்கட்டும். படிப்புக்கேற்ற வேலை என்றால், கணினி விளையாட்டுத் துறைக்கு டண்டீ நல்ல ஊர்; 1997-இல் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ என்ற விளையாட்டு அங்கே உருவானதுதான். உயிரியல் ஆராய்ச்சிக்கும் பெயர் உண்டு. வங்கி, நிதித் துறை என்றால் எடின்பரோவில்தான் தேட வேண்டியிருக்கும். ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்.

மகள் எந்தப் பாடம், கட்டணத்துக்குக் கடன் எவ்வளவு என்று எழுதுங்கள். இரண்டையும் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டும் முன் பேசுவோம்.