ஸ்டீல் பீமுக்குப் பதில் எஃப்.ஆர்.பி. பீம்: சில கேள்விகள்

கே: அமிலத் தொட்டி மேடையில் துருவேறிய ஸ்டீல் பீமைக் கழற்றிவிட்டு, அதே அளவில் எஃப்.ஆர்.பி. (கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக்) பீம் போடலாமா?

ப: அதே அளவில் வேண்டாம். ஸ்டீலின் விறைப்பு எண் (வளையாமல் எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவு) சுமார் 200 ஜிகாபாஸ்கல். பல்ட்ரூஷன் முறையில் (ரெசின் என்ற பிசினில் நனைத்த நாரை அச்சு வழியே இழுத்து) செய்த கண்ணாடி நார் பீமுக்கு, இ.என். 13706 என்ற ஐரோப்பியத் தரத்தின் மேல்வகுப்பிலேயே 23தான் கேட்கிறார்கள். ஒரே வடிவம், ஒரே பளு என்றால் ஸ்டீல் 3 மி.மீ. தொய்யும் இடத்தில் இது 26 மி.மீ. தொய்யும், வெட்டு விசையால் வரும் தொய்வு அதோடு கூடுதலாகச் சேரும். 3 மீட்டர் பீமுக்கு நீளத்தில் 200இல் ஒரு பங்கு என்று வைத்தாலும் 15 மி.மீ.தான் எல்லை. உடையாது, ஆனால் மேலே நடப்பவருக்கு ஆட்டம் தெரியும். தொய்வை வைத்துக் கணக்குப் போட்டு உயரம் கூடிய பீமை எடுங்கள், அல்லது நடுவில் ஒரு தாங்கல் கொடுங்கள். தொட்டியே அதன்மேல் நிரந்தரமாக உட்காரும் என்றால், நாள்பட்ட தொய்வுக்கும் சேர்த்து இடம் விட வேண்டும். அதே கன அளவுக்கு எடை ஸ்டீலில் கால் பங்குதான். குறுகலான இடத்தில் ஆட்களே தூக்கி மாட்டிவிடலாம் என்பது பெரிய வசதி.

கே: போல்ட் துளைகளைச் சுற்றி மட்டும் வெளுத்து, நார் தெரிகிறது. பீம் மட்டமானதா?

ப: பெரும்பாலும் குறை பீமில் இல்லை, துளை போட்ட விதத்தில்தான். அரிப்பைத் தடுப்பது மேற்பரப்பிலுள்ள ரெசின் செறிந்த மெல்லிய அடுக்கு. ட்ரில் அதைத் துளைத்ததும் நார் முனைகள் வெளியே வந்துவிடும். நாரை ஒட்டியே ஈரம் உள்ளே ஏறும். கார்பைடு முனை ட்ரில் போடுங்கள். பின்புறம் மரக்கட்டையை அணைத்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் ட்ரில் வெளியேறும் பக்கம் அடுக்கு பிய்ந்துவிடும். தூசியைத் துடைத்து, பீமின் அதே வகை ரெசினைத் துளையின் உள்சுவரிலும் அறுத்த முனைகளிலும் தடவி, இறுகிய பிறகே போல்ட் மாட்டுங்கள். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டு, அரிப்பைக் கூடுதலாகத் தாங்கும் வினைல் எஸ்டர் ரெசினுக்குக் காசு கொடுப்பது வீண். இரு பக்கமும் அகலமான வாஷர் வேண்டும். மிகையாக முறுக்கினால் பீம் நசுங்கும். துளையில் மரை வெட்டவே கூடாது. வெளுத்த இடத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக வந்தால் அடுக்கு பிரிந்திருக்கிறது. அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள்.

கே: வினைல் எஸ்டர் கட்டாயமா?

ப: கடல் காற்றுக்கு ஐசோஃப்தாலிக் பாலியஸ்டர் என்ற ரெசினே போதும். காஸ்டிக் சோடா, ஹைப்போகுளோரைட், வலுவான அமிலம் என்றால் வினைல் எஸ்டர்தான்; காரம் பாலியஸ்டரின் பிணைப்பையே அறுத்துவிடும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கண்ணாடியையே கரைக்கும் என்பதால் மேற்பரப்பு ரெசின் அடுக்கில் பதிக்கும் மெல்லிய துணி செயற்கை நாரால் ஆனதாக இருக்க வேண்டும். ரசாயனத்தின் பெயரோடு செறிவு, வெப்பநிலை இரண்டையும் சொல்லி ரெசினைக் கேளுங்கள்.

கே: வெயில் தாங்குமா?

ப: தாங்கும். நிறம் மங்கி நார் தலைகாட்டினால், தேய்த்துச் சுத்தம் செய்து பாலியூரித்தேன் பெயின்ட் அடியுங்கள்.