நூறு வருடம் ஏன் சும்மா இருந்தார்கள்?

கேள்வி: மிகுபுனைவு நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வெண்கோட்டார் குடி நூறு வருடமாக அரியணையில் இருக்கிறது. ஆழிமலையார் என்ற பிரபுக் குடி, முடி தங்களுக்குத்தான் சேர வேண்டும் என்று கிளம்புகிறது. பட்டத்து இளவரசர் தந்தைக்கு முன்பே இறந்துபோக, அவருடைய தம்பி ராஜாவானார். இளவரசரின் ஒரே மகள் ஆழிமலைக்கு வாழ்க்கைப்பட்டாள். இதுதான் அவர்கள் சொல்லும் நியாயம். ஆறு தலைமுறைக்கு வம்சாவளியும் வரைந்துவிட்டேன். ஆனால் படித்துப் பார்த்த நண்பர்கள், "ஆழிமலையார் வெறும் வில்லன்களாகத் தெரிகிறார்கள். இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது மட்டும் ஏன்?" என்கிறார்கள். வம்சாவளியை முதல் பக்கத்தில் போடலாமா?

பதில்: ராஜா கண்ணை மூடிய அன்று அந்த நாட்டில் வாரிசுரிமை எந்த முறைப்படி நடந்தது? உங்கள் கடிதத்தில் அது இல்லை; நாவலிலும் இல்லை போலிருக்கிறது. அது தெரியாத வாசகனுக்கு, உரிமை கேட்டு வருகிறவன் எவனாக இருந்தாலும் வில்லன்தான்.

வம்சாவளியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒரு தாளில் இரண்டு விதிகளை எழுதுங்கள். ஒன்று: மூத்த கிளை முற்றிலும் அற்றுப்போகும்வரை இளைய கிளைக்கு உரிமை கிடையாது, மூத்த கிளையில் மிஞ்சியது பெண்பிள்ளையே ஆனாலும். இரண்டு: இறந்த ராஜாவுக்கு ரத்தத்தில் மிக நெருங்கிய, உயிரோடிருக்கிற ஆணுக்கே பட்டம். முதல் விதிப்படி ஆழிமலையார் பக்கம் நியாயம், இரண்டாவதன்படி வெண்கோட்டார் பக்கம். இரண்டையும் எழுதிவைத்த சட்டமாக்கிவிடாதீர்கள், வழக்கமாகவே இருக்கட்டும். ஒவ்வொரு வழக்கத்துக்கும் முன்னுதாரணமாக ஒரு பழைய ராஜாவைக் காட்டுங்கள். அப்போதுதான் இரு தரப்பும் பொய் சொல்லாமலே மோதிக்கொள்ள முடியும்.

ஸ்காட்லாந்தில் 1290-இல் நேர் வாரிசு இல்லாமல் அரியணை காலியானபோது நடந்த வழக்கு கிட்டத்தட்ட இதுதான். ஜான் பேலியல், ஹண்டிங்டன் பிரபு டேவிடின் மூத்த மகளுக்குப் பேரன். ராபர்ட் புரூஸ், இரண்டாவது மகளுக்கு மகன். கிளையின் மூப்பைப் பார்த்தால் பேலியல்; தலைமுறை நெருக்கத்தைப் பார்த்தால் புரூஸ். விசாரிக்க 104 பேர் கொண்ட அவை கூடியது. போட்டியாளர்கள் இருவரும் ஆளுக்கு 40 பேரை நிறுத்த, மீதி 24 பேர் இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்டின் ஆட்கள். 1292 நவம்பரில் பேலியலுக்குத் தீர்ப்பானது. எட்வர்ட் இதைச் சும்மா செய்துகொடுக்கவில்லை. தன்னை ஸ்காட்லாந்தின் மேலாதிபதியாக ஒப்புக்கொள்ள வைத்துவிட்டுத்தான் விசாரணைக்கே உட்கார்ந்தார். உங்கள் நாட்டில் இந்த வழக்கை விசாரிக்கும் தகுதி யாருக்கு? குருபீடத்துக்கா, பிரபுக்கள் அவைக்கா, பக்கத்து நாட்டு ராஜாவுக்கா? அவருக்கு இதில் என்ன ஆதாயம்? இதற்கு விடை கிடைத்தாலே இரண்டு அத்தியாயத்துக்கு விஷயம் தேறும்.

அடுத்து அந்த நூறு வருட மௌனம். இங்கிலாந்தில் 1399-இல் இரண்டாம் ரிச்சர்டை இறக்கிவிட்டு லங்காஸ்டர் குடியின் நான்காம் ஹென்றி பட்டத்துக்கு வந்தார். அவர் மூன்றாம் எட்வர்டின் மகன் ஜானின் வழி. ஜானுக்கு மூத்தவரான லயனலின் வழி, மகள் மூலமாக மார்ட்டிமர் குடியில் இருந்தது. அவர்கள் ஏன் கேட்கவில்லை என்றால், அன்றைக்கு மார்ட்டிமர் வாரிசு எட்மண்டுக்கு ஏழு வயது. அவர் வளர்ந்து ஆளான பிறகு, 1415-இல் அவரை ராஜாவாக்க ஒரு சதி உருவானது. அதை ஐந்தாம் ஹென்றியிடம் போய்ச் சொல்லிவிட்டவரே எட்மண்ட்தான்! பிள்ளையில்லாமல் அவர் இறந்தபின் உரிமை அவருடைய சகோதரி வழியாக யார்க் குடிக்கு வந்தது. யார்க் கோமகன் ரிச்சர்ட் அதை நாடாளுமன்றத்தில் வைத்தது 1460 அக்டோபரில், அதாவது 61 வருடம் கழித்து.

ஆக மௌனத்துக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு காரணம் இருக்கும், ஒரு விலையும் இருக்கும். உங்கள் கதைக்கு ஆண்டுகளைப் போட்டுப் பார்ப்போம். இளவரசர் இறந்தது நாட்டின் 210-ஆம் ஆண்டு என்றால், மகளுக்கு அப்போது நாலு வயது. 212-இல் தாத்தாவும் போக, சித்தப்பா முடிசூடிக்கொள்கிறார். பெண்ணுக்குக் காப்பாளரும் அவரே. பதின்மூன்று வயதில் அவளிடம் ஒரு துறப்புப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குகிறார். 224-இல், தலைநகரிலிருந்து எட்டாத தூரத்தில் உள்ள ஆழிமலைப் பிரபுவுக்குக் கட்டிக்கொடுக்கிறார். சீதனமாகத் துறைமுகச் சுங்கம். மகன் 227-இல் பிறக்கிறான். அவனுக்குக் கடற்படைத் தலைமை கிடைக்கிறது, அவனும் விசுவாசப் பிரமாணம் செய்கிறான். பேரன் 255, கொள்ளுப்பேரன் 283. கதை நடக்கும் 312-இல் இந்தக் கொள்ளுப்பேரனுக்கு 29 வயது, குடித்தலைவன் ஆவதற்குத் தோதான வயது. 266-இல் அந்தப் பெண் இறந்தாள் என்று வைத்துக்கொண்டால், 312-இல் எழுபது வயதான தாதி ஒருத்தி அவளை நேரில் பார்த்திருக்க முடியும். பத்திரத்தில் அவள் எப்படிக் கையொப்பமிட்டாள் என்று அவளே சொல்லக் கேட்ட சாட்சி! தலைமுறைக்கு 25 முதல் 30 வருடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு தலைமுறை என்று எழுதிவிட்டு எல்லோரையும் பதினெட்டு வயதில் அப்பாவாக்கினால் கணக்கு இடிக்கும்.

அந்தத் துறப்புப் பத்திரம்தான் உங்கள் நாவலின் முக்கியமான பொருள். வாளைவிட அதற்கு அதிகப் பக்கம் கொடுங்கள். பருவம் எய்தாத பெண்ணிடம், அதனால் லாபமடைகிற காப்பாளரே வாங்கிய கையொப்பம் செல்லுமா? அவள் தனக்காக மட்டும் துறந்தாளா, பிறக்காத பிள்ளைகளுக்கும் சேர்த்தா? அசல் எங்கே, நகல் யாரிடம்?

"இப்போது ஏன்?" என்பதற்குப் பலரும் கொடுங்கோல் ராஜா, பஞ்சம், பழிவாங்கல் என்று போவார்கள். என் யோசனை வேறு. இன்றைய வெண்கோட்டு ராஜாவுக்கு ஆண் வாரிசு இல்லை. தன் மகளுக்குப் பட்டம் கட்ட ஆசைப்படுகிறார். பிரபுக்களைக் கூட்டி, பெண்ணுக்கும் உரிமை உண்டு என்று தீர்மானமும் போட்டுவிடுகிறார். அந்த நிமிடமே அவருடைய கொள்ளுத்தாத்தா அரியணை ஏறியதற்கான நியாயம் சரிந்துவிடுகிறது. பெண்ணுக்கு உரிமை உண்டென்றால் நூறு வருடத்துக்கு முந்தைய அந்தப் பெண்ணுக்கும் உண்டே! ஆழிமலையார் புதிதாக எதுவும் கேட்க வேண்டியதில்லை, ராஜாவின் தீர்மானத்தையே படித்துக் காட்டினால் போதும். லங்காஸ்டர் குடிக்கும் இந்தச் சங்கடம் இருந்தது. பிரான்சின் முடியை அவர்கள் கேட்டதே மூன்றாம் எட்வர்டின் தாய் இசபெல்லா வழியாகத்தான். அதே பெண்வழி இங்கிலாந்தில் செல்லுமென்றால் மார்ட்டிமர்கள் முந்திவிடுவார்கள்.

யார்க் கோமகனிடம் பிரபுக்கள் எழுப்பிய ஆட்சேபங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நாங்கள் இன்றைய லங்காஸ்டர் ராஜா ஆறாம் ஹென்றிக்குச் சத்தியம் செய்து கொடுத்தாயிற்று. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: லயனல் வழியில் உரிமை கேட்கிறவர், இத்தனை காலம் லயனலின் சின்னத்தைத் தாங்காமல் யார்க் சின்னத்தையே தாங்கியது ஏன்? ஆழிமலையாரும் முதலில் மாற்ற வேண்டியது முத்திரையைத்தான். முத்திரை வெட்டுகிற ஆசாரியின் பட்டறையில் ஒரு காட்சி வையுங்கள். பழைய அச்சில் மலையும் அலையும் மட்டும். புதிய அச்சில் மலைக்கு மேலே ராஜகுடியின் பிறை. மெழுகில் ஒரு தடவை அழுத்திப் பார்த்ததும் ஆசாரிக்குப் புரிந்துவிடுகிறது, இதைச் செதுக்கிய கையையும் வெட்டுவார்கள் என்று. ராஜத்துரோகம் என்ற வார்த்தையே வேண்டாம்.

குடிக்குள் எல்லோரும் ஒரே குரலில் பேசினால் மறுபடியும் வில்லன் கூட்டம்தான் வரும். சுங்க வருமானம் போய்விடுமே என்று பயப்படுகிற சித்தப்பா ஒருவர், வெண்கோட்டில் பெண் கொடுத்திருக்கிற அத்தை ஒருத்தி, இவர்கள் போதும். எட்மண்ட் மாதிரி, உரிமை உள்ளவனே அதை விரும்பாவிட்டால் இன்னும் நல்லது.

போர் வரும்போது இரண்டு கணக்குகளில் கோட்டை விடாதீர்கள். கருவூலம் முதல் கணக்கு. 1135 டிசம்பர் 1-ஆம் தேதி இங்கிலாந்தின் முதலாம் ஹென்றி இறந்தபோது, பிரபுக்கள் சத்தியம் செய்து கொடுத்திருந்தது அவர் மகள் மெட்டில்டாவுக்கு. அவர் கடலுக்கு அப்பால் இருந்தார். ஹென்றியின் சகோதரி மகனான ஸ்டீபன் விரைந்து வந்து வின்செஸ்டர் கருவூலத்தைக் கைப்பற்றி, அந்த மாதமே முடிசூடிக்கொண்டார். ஆழிமலையிலிருந்து தலைநகருக்கு எத்தனை நாள் பயணம் என்பதை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

சோறு இரண்டாவது. ஓர் ஆளுக்கு நாளைக்குச் சுமார் ஒரு கிலோ தானியம். 2,000 பேர் 40 நாள் களத்தில் நின்றால் 80,000 கிலோ. வண்டிக்கு 500 கிலோ ஏற்றினால் 160 வண்டி, மாடுகளும் குதிரைகளும் தின்பது தனி. பத்தாயிரம் பேர் கொண்ட படை மலைப்பாதையில் இரவோடிரவாக இறங்கியது என்று எழுதுவது சுலபம். அவ்வளவு வண்டிகளையும் யாருக்கும் தெரியாமல் இறக்குவது எப்படி? அறுவடைக்கு முன்பே கிளம்பினால் ஆட்கள் வயலுக்கு ஓடிவிடுவார்கள். மூன்றாவது ஆள் ஒருவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பான் என்பதையும் மறக்க வேண்டாம். சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் பங்காளிச் சண்டையில் மூழ்கியிருந்த நேரத்தில்தான், 1311-இல் மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்தது.

சமரசத்தில் முடிக்கலாமா என்று தோன்றினால், 1460 ஒப்பந்தம் கைகொடுக்கும். ஹென்றி சாகும்வரை ராஜா, பிறகு யார்க். ஹென்றியின் மகனுக்கு ஒன்றுமில்லை என்றானதும் அவன் தாய் மார்கரெட்டின் தரப்பு படை திரட்டியது. டிசம்பர் 30-ஆம் தேதி வேக்ஃபீல்டில் யார்க் கோமகன் கொல்லப்பட்டார். மறு மார்ச்சில் அவர் மகன் நான்காம் எட்வர்ட் ராஜா.

வம்சாவளியை முதல் பக்கத்தில் போடலாம், ஆனால் ஆறு தலைமுறையையும் வேண்டாம். பிரிந்த இடமும் இன்று உயிரோடு இருப்பவர்களும் தெரிந்தால் போதும். இறப்பு ஆண்டுகளைப் போடாதீர்கள், கதை உடைந்துவிடும். முதல் பக்கத்தில் வெண்கோட்டார் அரண்மனையில் இருக்கிற வம்சாவளியை மட்டும் கொடுங்கள். அதில் இளவரசரின் பெயருக்குக் கீழே கோடு நின்றுவிட்டிருக்கும். ஆழிமலையார் வைத்திருப்பதை, அந்தப் பெண்ணின் பெயரோடு, பத்திரம் வெளிவருகிற அத்தியாயத்தின் தொடக்கத்தில் அச்சிடுங்கள்.